24 வீடு, ஒரே மொட்டை மாடி: சோலார் போட்டால் செலவை எப்படிப் பிரிப்பது?

பொருளாளர்_குரோம்பேட்டை | சனி, இரவு 9:12

வணக்கம். எங்கள் குடியிருப்பில் 24 வீடு, வண்டி நிறுத்தும் ஸ்டில்ட் தளம் போக மூன்று மாடி, ஒரு லிஃப்ட். இந்த வருடம் சங்கத்தின் பொருளாளர் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. பொது மீட்டரில் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 3,600 யூனிட் ஓடுகிறது. பில் 30 ஆயிரத்தைத் தொடுகிறது, நிலைக்கட்டணம் தனி.

சோலார் போடலாம் என்று ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டோம். 20 கிலோவாட், 11 லட்சத்து 40 ஆயிரம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மத்திய அரசு மானியம் 3 லட்சத்து 60 ஆயிரம் போக 7 லட்சத்து 80 ஆயிரம், வீட்டுக்கு 32,500 ரூபாய். "பொது மீட்டருக்குப் போக மிச்சத்தை வீடுகளுக்கும் பிரித்துக் கொடுக்கலாம், ஐந்து வருடத்தில் போட்ட காசு வந்துவிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பொதுக்குழுவில் சொன்னதும் ஆளுக்கொரு கேள்வி. முதல் மாடியில் இருப்பவர்கள் லிஃப்டே தொடுவதில்லை, நாங்கள் ஏன் தர வேண்டும் என்கிறார்கள். எட்டு வீடு வாடகைக்கு விட்டவை. அவற்றில் மூன்று உரிமையாளர்கள் வெளிநாட்டில், மெயிலுக்குப் பதிலே இல்லை. இப்படிச் சேர்ந்து போட்ட அனுபவம் யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள். எனக்குத் தலை சுற்றுகிறது.

ஓய்வு_மின்பொறியாளர் | சனி, இரவு 10:05

ஐயா, முதலில் அந்த "மிச்சத்தை வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம்" என்ற வரியை அடித்துவிடுங்கள். மாடியில் உற்பத்தியாகும் மின்சாரம் எந்த மீட்டரோடு இணைக்கப்பட்டிருக்கிறதோ அந்த மீட்டரின் கணக்கில்தான் கழியும். பொது மீட்டரில் இணைத்துவிட்டு இரண்டாம் மாடி வீட்டின் பில்லில் கழிக்கச் சொல்ல வேண்டுமானால் அதற்குத் தனி விதி வேண்டும். விற்பவர் வாயால் சொன்னால் போதாது.

அடுத்து அளவு. நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரி 4 யூனிட் தரும். 20 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 4,800. உங்கள் செலவே 3,600. மீதி 1,200 யூனிட்டை யாருக்காக உற்பத்தி செய்கிறீர்கள்? பெரிதாகப் போட்டால் அவருக்கு லாபம், அவ்வளவுதான்.

10 கிலோவாட் போதும் என்பது என் கருத்து. நாளுக்கு 40 யூனிட், வருடத்துக்கு 14,400. கணக்கு எளிதாக இருக்க யூனிட் 8.50 என்று வைத்தால், முழுவதும் பயன்பட்டால் வருடம் 1 லட்சத்து 22 ஆயிரம் மிச்சம். 6 லட்சம் செலவு, 1.80 லட்சம் மானியம், கையிலிருந்து 4.20 லட்சம். வீட்டுக்கு 17,500. மூன்றரை, நான்கு வருடம்.

10 என்ற எண்ணுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு நுகர்வோர் விதிகளைத் திருத்தியபோது, 10 கிலோவாட் வரையிலான கூரை சோலாருக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்று ஆக்கிவிட்டார்கள். அதற்கு மேலே போனால் ஆய்வு, காத்திருப்பு எல்லாம் வரும். உங்கள் பொது இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்றும் பில்லில் பாருங்கள்.

கீழ்த்தளவாசி | சனி, இரவு 10:31

நான் வேறு குடியிருப்பு. ஆனால் நான் தரைத்தளம், அதனால் கேட்கிறேன். எனக்கு இரண்டு மாதத்துக்கு 180 யூனிட். முதல் 100 இலவசம். மீதிக்கு நான் கட்டுவது ஒரு சினிமா டிக்கெட் காசு. நான் எதற்கு 17,500 ரூபாயை மாடியில் கொண்டுபோய் வைக்க வேண்டும்?

ஓய்வு_மின்பொறியாளர் | சனி, இரவு 10:58

நல்ல கேள்வி தம்பி. உங்கள் வீட்டு மீட்டருக்கு சோலார் போடச் சொன்னால் வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். வீடுகளுக்குச் சமமாகப் பிரிப்பதில் இருக்கும் சிக்கலே அதுதான். ஒரு கிலோவாட் இரண்டு மாதத்தில் 240 யூனிட் தரும். 340 யூனிட் எரிக்கும் வீட்டில் அந்த 240-ஐக் கழித்தால் மிச்சம் ஆயிரம் ரூபாயைக்கூடத் தொடாது. மூன்று ஏசி போட்டு 1,200 யூனிட் எரிக்கும் வீட்டிலோ அதே 240 யூனிட் கட்டணத்தின் மேல் படியிலிருந்து கழியும். அங்கே யூனிட் 10, 11 ரூபாய்க்கு மேல், ஆக மிச்சம் 2,500-ஐத் தாண்டும். இருவரும் போட்டது ஒரே தொகை. இதைப் பொதுக்குழுவில் விளக்கிப் பாருங்கள், அடிதடிதான்.

ஆனால் பொது மீட்டர் வேறு கதை. அதற்கு இலவச 100 யூனிட்டும் கிடையாது, படியும் கிடையாது. 2022 செப்டம்பரில் 1டி என்று தனி வகை கொண்டுவந்து முதல் யூனிட்டிலிருந்தே 8 ரூபாய் ஆக்கினார்கள். 2024 ஜூலையில் அது 8.55 ஆனது. பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத சின்னக் குடியிருப்புகளுக்கு மட்டும் 2023-இல் 5.50 ஆகக் குறைத்தார்கள். 24 வீட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. அந்த பில்லை இப்போதே நீங்களும் பராமரிப்புக் கட்டணம் என்ற பெயரில் மாதாமாதம் பங்கு போட்டுக் கட்டிக்கொண்டுதான் இருப்பீர்கள். குறைந்தால் உங்கள் பராமரிப்பும் குறையும். தண்ணீர் மோட்டார் கீழ்த்தளத்துக்கும் சேர்த்துத்தானே ஓடுகிறது?

கீழ்த்தளவாசி | சனி, இரவு 11:04

சரி சார், மோட்டாரை ஒப்புக்கொள்கிறேன். லிஃப்டை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

துவாரகா_தமிழன் | ஞாயிறு, காலை 8:20

தில்லியிலிருந்து எழுதுகிறேன். பொறியாளர் ஐயா சொன்ன "தனி விதி" இங்கே இருக்கிறது. 2019-இல் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்தது, விர்ச்சுவல் நெட் மீட்டரிங் என்பார்கள். பேனல் ஓரிடத்தில், அதன் யூனிட் பலருடைய பில்லில் ஆளுக்கு இத்தனை சதவீதம் என்று கழியும். பேனல் உங்கள் தலைக்கு மேலேயே இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

ஆனால் அந்தச் சதவீதத்தை முதலிலேயே எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். எங்கள் சொசைட்டியில் பேனல் வாங்க ஒரு மாதம் ஆனது, சதவீதத்தை முடிவு செய்ய ஏழு மாதம். சதுர அடிப்படியா, போட்ட பணப்படியா, தலைக்கு ஒன்றா? மூன்று படுக்கையறைக்காரர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம். கடைசியில் பணம் போட்டவருக்கு மட்டும், போட்ட அளவுக்குப் பங்கு என்று முடித்தோம். 60 வீட்டில் 38 பேர் சேர்ந்தார்கள். சேராத 22 பேர் மாடி எங்களுக்கும் சொந்தம், வாடகை கொடு என்று கேட்டது தனிக் கதை. அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பங்கு போட்டவர்களிடமிருந்து வருடத்துக்கு ஒரு சிறு தொகை சங்கத்துக்குப் போகிறது இப்போது.

பேனல்_தம்பி | ஞாயிறு, காலை 9:45

நான் கோவைப் பக்கம் இந்தத் தொழிலில் இருப்பவன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கொட்டேஷனை முடிந்தால் வரி வரியாகப் போடுங்கள், பெயரை மறைத்துவிட்டு.

பொருளாளர்_குரோம்பேட்டை | ஞாயிறு, காலை 10:10

பேனல், இன்வெர்ட்டர், "மவுண்டிங் ஸ்ட்ரக்சர் ஸ்டாண்டர்ட்", கேபிள், எர்த்திங், இடிதாங்கி, வேலைக்கூலி. பொருளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதம் என்று போட்டிருக்கிறது. வாங்குவதையும் கொடுப்பதையும் சேர்த்து அளக்கும் நெட் மீட்டருக்கு "ஆக்சுவல்", அதாவது ஆகிற செலவு. பராமரிப்பு முதல் வருடம் இலவசம்.

பேனல்_தம்பி | ஞாயிறு, காலை 10:52

1. சோலார் பொருளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-லிருந்து 5 சதவீதம். பழைய தாளை எடுத்து நீட்டியிருக்கிறார். முதலில் அதைத் திருத்தி வாங்குங்கள்.

2. "ஸ்டாண்டர்ட்" ஸ்ட்ரக்சர் என்றால் தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி. அதைப் போட்டால் மாடி போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் நிமிர்ந்து நடக்கிற மாதிரி எட்டு அடி உயரத்தில் வேண்டுமானால் இரும்பு அதிகம், விலையும் ஏறும். கொட்டேஷன் மலிவாக இருப்பதன் ரகசியம் பெரும்பாலும் இந்த ஒரு வரியில்தான் இருக்கும்.

3. மானியம். மத்திய அரசின் சூர்யகர் திட்டத்தில் தனி வீட்டுக்கு 3 கிலோவாட் போட்டால் அதிகபட்சமாக 78,000 ரூபாய். குடியிருப்புச் சங்கத்துக்குப் பொதுப் பயன்பாட்டுக்காக கிலோவாட்டுக்கு 18,000. அவர் போட்ட கணக்கு சரி. ஆனால் அந்தப் பணம் வேலை முடிந்து, மீட்டர் மாட்டி, ஆய்வு முடிந்த பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். முழுத் தொகையையும் முதலில் நீங்கள் போட வேண்டும். உங்கள் சங்கம் பதிவு செய்யப்பட்டதா? சங்கத்தின் பெயரில் பான், வங்கிக் கணக்கு உண்டா? பொது மீட்டர் இன்னும் பில்டர் பெயரிலேயே இருக்கிறதா? நான் பார்த்த குடியிருப்புகளில் பாதி இந்த மூன்றாவது கேள்வியில்தான் மாட்டிக்கொள்ளும். மானியத்துக்கு உள்நாட்டில் செய்த செல் கொண்ட பேனல்தான் போட வேண்டும், அது கொஞ்சம் விலை கூட. திட்டம் 2026-27 நிதியாண்டு வரைதான் என்பதையும் மனதில் வையுங்கள்.

4. கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். இதை விற்கும்போது யாரும் சொல்வதில்லை. கம்பத்தில் லைன்மேன் வேலை செய்யும்போது நம் மாடியிலிருந்து மின்சாரம் ஏறினால் உயிர் போகும், அதனால் அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். லிஃப்ட் ஓட ஜெனரேட்டர் வைத்தே ஆக வேண்டும்.

வடாம்_மாமி | ஞாயிறு, பிற்பகல் 2:15

எங்கள் கதையைக் கேளுங்கள். 2019-இல் 16 வீடு சேர்ந்து 8 கிலோவாட் போட்டோம், மேற்கு மாம்பலத்தில். நான் மூன்றாம் மாடி. முதல் இரண்டு வருடம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது.

முதலில் ஒழுகல். கால் நட தட்டோட்டைத் துளைத்திருக்கிறார்கள், அடியில் நீர்க்காப்புப் பூச்சு போனதை யாரும் பார்க்கவில்லை. அடுத்த ஐப்பசி மழைக்கு என் பூஜை அறைச் சுவரில் தண்ணீர். சோலார்காரர் பில்டரைக் காட்ட, பில்டர் சோலார்காரரைக் காட்ட, சங்கம் என்னைப் பார்த்தது. அந்த மராமத்துக்கு 70 ஆயிரம். இது எந்தக் கொட்டேஷனிலும் இல்லை.

இரண்டாவது, கழுவுதல். வாட்ச்மேனுக்கு மாதம் 300 கூடக் கொடுத்துக் கழுவச் சொன்னோம். அவர் போர் தண்ணீரைப் பிடித்து உச்சி வெயிலில் ஊற்றியிருக்கிறார். எங்கள் போர் தண்ணீர் பக்கெட்டிலேயே வெள்ளை படியும். கண்ணாடி முழுக்க உப்பு. யூனிட் குறைந்ததை ஆறு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம், ஏனென்றால் அந்த ஆப்பின் பாஸ்வேர்டு பழைய செயலாளரிடம் இருந்தது, அவர் மகளிடம் சியாட்டிலுக்குப் போய்விட்டார்.

மூன்றாவது, நான்காம் வருடம் இன்வெர்ட்டர் போனது. வாரண்டி இருந்தது, ஆனால் போட்டுக் கொடுத்த நிறுவனத்தின் நம்பர் உபயோகத்தில் இல்லை. கம்பெனிக்கு நேராக எழுதி, பழைய பில்லைத் தேடி, மாற்றி வாங்க மூன்று மாதம். மார்ச், ஏப்ரல், மே. வெயில் எல்லாம் வீண்.

இத்தனைக்கும் பிறகு சொல்கிறேன், பணம் திரும்பி வந்துவிட்டது. நான்கு வருடம் என்றார்கள், ஆறானது. அவ்வளவுதான். வடாம் காயப்போடத்தான் இடமில்லாமல் தங்கை வீட்டுக்குப் போகிறேன்.

பொருளாளர்_குரோம்பேட்டை | ஞாயிறு, பிற்பகல் 2:40

மாமி, கழுவுவதற்கு இப்போது என்ன செய்கிறீர்கள்?

வடாம்_மாமி | ஞாயிறு, பிற்பகல் 3:02

மெட்ரோ தண்ணீர், விடியற்காலையில், பத்து நாளைக்கு ஒரு தடவை, நீளக் கம்பு வைத்த ரப்பர் துடைப்பம். சோப்பு கூடாது. மழைக்காலத்தில் வேலையே இல்லை. கணக்கு நோட்டு ஒன்று போட்டு மாதக் கடைசியில் யூனிட் எழுதுகிறேன். ஆப்பை நம்புவதில்லை.

கொங்குக்காரன் | ஞாயிறு, மாலை 6:30

சேர்ந்து மின்சாரம் என்றால் எங்கள் பக்கத்து ஓடந்துறையைச் சொல்லாமல் இருக்க முடியாது. மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஊராட்சி. 2006-இல் ஊராட்சியே வங்கிக் கடன் வாங்கி, ஒன்றரைக் கோடிக்கு மேல் செலவில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. காற்றாலை ஊரிலேயே இல்லை, உடுமலைப் பக்கம் காற்று இருக்கும் இடத்தில் நிற்கிறது. மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள்.

சோலார் இல்லை, காற்றாலைதான், தெரியும். ஆனால் அங்கே ஏன் நடந்தது என்று பாருங்கள். உரிமையாளர் ஒருவர், ஊராட்சி. மீட்டர் ஒன்று. வாங்குபவர் ஒருவர். யார் வீட்டுக்கு எவ்வளவு என்ற பேச்சே எழவில்லை. வருமானம் பொதுக் கணக்குக்குப் போனது.

இதற்கு நேர் எதிர் பீகாரில் தர்ணை என்ற ஊர். ஜெகனாபாத் மாவட்டம். 2014-இல் கிரீன்பீஸ் அமைப்பு 100 கிலோவாட் சோலார், பேட்டரியோடு ஊருக்கே தனி மின்தொகுப்பு போட்டுக் கொடுத்தது. முப்பது வருடமாக மின்சாரம் இல்லாத ஊர். பத்திரிகையெல்லாம் எழுதியது. ஆனால் ஃப்ரிட்ஜ், டிவி, ஹீட்டர் போடாதீர்கள் என்று கட்டுப்பாடு. ஊர்க்காரர்கள் எங்களுக்கு அசல் மின்சாரம் வேண்டும் என்று கேட்டார்கள். சில நாளில் அரசுக் கம்பியும் வந்துவிட்டது. சோலாரில் யூனிட் 9 ரூபாய், அரசுக் கம்பியில் 3 ரூபாய். பேட்டரி தீர்ந்ததும் மாற்ற ஆளில்லை. சில வருடத்தில் அந்தச் சோலார் நிலையக் கட்டடத்தில் மாடு கட்டினார்கள்.

கீழ்த்தளவாசி | ஞாயிறு, மாலை 6:48

நம் குடியிருப்பில் மாடு கட்ட முடியாது, மாடிக்கு லிஃப்டில் ஏறாது.

வடமராட்சி | ஞாயிறு, இரவு 8:15

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. நாங்கள் கூரைச் சூரியகலத்தைக் கடன் எடுத்துப் போட்டோம். 2016-இல் தொடங்கிய திட்டத்தில் அலகுக்கு முதல் ஏழு வருடம் 22 ரூபா, பிறகு 15.50 என்று விலை நிர்ணயித்திருந்தார்கள். மாதத் தவணையை அந்த வருமானத்தை நம்பித்தான் கணக்குப் பார்த்தோம்.

2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்க மின்சாரம் போனது. பாணந்துறை உபநிலையத்தில் குரங்கு பாய்ந்ததாகச் சொன்னார்கள், சிரித்தோம். ஆனால் வெயில் நேரத்தில் மின்சாரப் பாவனை குறைந்து சூரிய மின்சாரம் கூடிவிட்டால் தொகுப்பு ஆட்டம் காணும் என்பதும் அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது. அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடியிருக்க, கூரைச் சூரியகலங்களைப் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டுக்கொண்டது. நிறுத்திய நாட்களுக்குத் தவணை நிற்கவில்லை.

ஆகவே அண்ணா, விற்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். உங்கள் கட்டடத்துக்குள்ளேயே பகலில் எவ்வளவு எரியும் என்று பாருங்கள்.

ஓய்வு_மின்பொறியாளர் | ஞாயிறு, இரவு 9:20

வடமராட்சி சொன்னதைத்தான் நான் எழுத உட்கார்ந்தேன். பொது மீட்டரில் மீதியாகும் மின்சாரம் யூனிட்டுக்கு யூனிட்டாகவே கழியுமா, இல்லை குறைந்த விலைக்கு வாரியம் எடுத்துக்கொள்ளுமா என்பதை உங்கள் பிரிவு அலுவலகத்தில் எழுத்துமூலமாகக் கேட்டு வாங்குங்கள். வாரியத்தின் கம்பியைப் பயன்படுத்துவதற்கான நெட்வொர்க் கட்டணமும் கேளுங்கள். பதில் எதுவானாலும் பாதிக்காத மாதிரி நாமே அமைத்துக்கொள்ளலாம்.

மோட்டார் எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள்?

பொருளாளர்_குரோம்பேட்டை | ஞாயிறு, இரவு 9:31

காலை 5 மணிக்கு, மாலை 6 மணிக்கு. வாட்ச்மேன் வசதிப்படி. 5 எச்.பி. மோட்டார்.

ஓய்வு_மின்பொறியாளர் | ஞாயிறு, இரவு 10:02

இரண்டு நேரமும் வெயில் இல்லாத நேரம்! டைமர் மாட்டி காலை 10 முதல் 2 வரை ஓட்டுங்கள். 5 எச்.பி. என்றால் 3.7 கிலோவாட், நான்கு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 15 யூனிட் நேராக வெயிலிலிருந்து. போர் மோட்டாரையும் அதே நேரத்துக்கு மாற்றினால் இன்னும் கூடும். மேல்நிலைத் தொட்டிதான் உங்களுக்கு பேட்டரி, தனியாக பேட்டரி வாங்க வேண்டியதில்லை. தொட்டி சிறிதாக இருந்தால் ஒரு சின்டெக்ஸ் கூட வையுங்கள், பேனல் மேல் நிழல் விழாத பக்கமாக.

ஜெனரேட்டர் இருக்கிறதா? இருந்தால், அது ஓடும்போது சோலார் அதோடு சேராதபடி சுவிட்ச் அமைப்பைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். சுமை குறைவான நேரத்தில் சோலார் ஜெனரேட்டரைப் பின்னுக்குத் தள்ளினால் கோயில் தேர் மாதிரி ஆடும், அப்புறம் மொத்தமாக நின்றுவிடும்.

காற்று இன்னொன்று. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்த அன்று நான் பணியில் இருந்தேன். பேனல் என்பது அடிப்படையில் ஒரு பாய்மரம். உயரமாக ஸ்ட்ரக்சர் போட்டால் கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்தோடு வரைபடம் கேளுங்கள். மாமி சொன்ன ஒழுகலுக்கு, துளைக்காமல் கான்கிரீட் பீடம் வைத்து அதன் மேல் கால் நிறுத்தும் முறையும் இருக்கிறது. எடையை மாடி தாங்குமா என்பதையும் அவரே சொல்ல வேண்டும். காப்பீட்டில் சேர்த்துவிடுங்கள்.

பேனல்_தம்பி | ஞாயிறு, இரவு 10:20

ஐயா சொன்னதெல்லாம் சேர்த்தால் 10 கிலோவாட் 6 லட்சத்தில் நிற்காது சார். உயர ஸ்ட்ரக்சர், கழுவத் தண்ணீர் குழாய், டைமர் எல்லாம் சேர்த்து ஏழுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது வருடத்தை ஒட்டி இன்வெர்ட்டர் மாற்றவும் இப்போதிலிருந்தே வருடம் பத்தாயிரம் ஒதுக்குங்கள். நான் விற்பவன்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

பொருளாளர்_குரோம்பேட்டை | 21 நாள் கழித்து, ஞாயிறு, இரவு 9:50

எல்லோருக்கும் நன்றி. இன்று பொதுக்குழு முடிந்தது. மூன்று மணி நேரம், இரண்டு சுற்று டீ.

10 கிலோவாட், பொது மீட்டருக்கு மட்டும். வீடுகளுக்குப் பிரிக்கும் பேச்சை எடுக்கவேயில்லை. வீட்டுக்கு வசூல் செய்வதையும் விட்டுவிட்டோம். சங்கத்தின் இருப்புப் பணமான கார்பஸ் நிதியிலிருந்து சங்கமே போடுகிறது, மிச்சமாகும் பில் தொகையை மாதாமாதம் அதே நிதிக்குத் திருப்பிச் செலுத்துகிறோம். நிதி நிரம்பும்வரை யாருக்கும் பராமரிப்பு குறையாது, நிரம்பிய பிறகு எல்லோருக்கும் குறையும். வீட்டை விற்றுவிட்டுப் போகிறவர் என் பங்கைக் கொடு என்று கேட்க வழியில்லை. வாடகைக்காரரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. வெளிநாட்டு உரிமையாளர்களில் இருவர் சரி என்று ஒரு வரி எழுதிவிட்டார்கள். ஆதரவு 19, எதிர்ப்பு 2, மீதி வரவில்லை.

பொது மீட்டர் பில்டர் பெயரில்தான் இருக்கிறது. பெயர் மாற்றத்துக்கு மனு கொடுத்தாயிற்று, அது முடிந்த பிறகுதான் சோலார் விண்ணப்பம். டைமர் மட்டும் போன வாரமே மாட்டிவிட்டோம், 850 ரூபாய். பத்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வேகம் குறைகிறது என்று இரண்டு புகார் வந்திருக்கிறது.

எதிர்த்த இருவரில் ஒருவர் மேல் மாடி. துணி காயப்போடும் கொடி எங்கே போகும் என்பது அவர் கேள்வி. எட்டு அடிக்குக் கீழே கட்டிக்கொள்ளலாம் என்றேன். நிழலில் துணி காயுமா என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

வடாம்_மாமி | ஞாயிறு, இரவு 10:05

காயும். கொஞ்சம் நேரமாகும். வடாம்தான் காயாது. தெற்கு ஓரம் நாலடி விடச் சொல்லுங்கள், இப்போதே, வரைபடம் போடும்போதே.